பழைய வெற்றி யாருடையது?

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வயதில் என்னைவிட இருபது வருஷம் இளையவர். கால்பந்து என்றால் அவருக்கு உயிர். நள்ளிரவுக்கு மேல் எழுந்து உட்கார்ந்து, இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் நடக்கிற பந்தயங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போகிறவர். 2024-இல் 'மைதான்' என்ற ஹிந்திப் படம் வந்தபோது இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். 1962-ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக் கோஷ்டி தங்கப் பதக்கம் பெற்ற கதை அது. படம் முடிந்து விளக்குப் போட்டபோது நான் கண்ணைத் துடைத்துக் கொண்டதை அவர் கவனித்துவிட்டார்.

வெளியே டீக்கடையில் நிற்கும்போது கேட்டார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பொறக்கறதுக்குப் பதினெட்டு வருஷம் முன்னால யாரோ ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தத் தங்கம் நம்ம பக்கமே வரல. அறுபத்திரண்டு வருஷமா அந்த ஒண்ணையே சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைச்சிக்கிறது கொஞ்சம் வெட்கமா இல்லையா?"

அவர் என்னைப் புண்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அதனால்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. டீ ஆறிப் போயிற்று. "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டது பார்வைக்குக் கால்பந்தைப் பற்றிய கேள்வி. ஆனால், அதை நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். வாழ்ந்து கெட்ட வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிலம் போயிற்று, நகை போயிற்று, தேக்குக் கதவுகூடப் போயிற்று. தாத்தா காலத்தில் ஆயிரம் பேருக்கு இலை போட்ட கதை மட்டும் போகவில்லை. அந்தக் கதையைச் சொல்லிக் கொண்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மகன், ஆயிரம் இலை போட்ட வீட்டுப் பிள்ளை இன்னொருவனிடம் கைகட்டி நிற்பதா என்று எந்த வேலைக்கும் போகாமல் இருக்கிறான். இப்படிப்பட்ட ஞாபகத்தைவிட மறதி நல்லது என்று யாராவது சொன்னால், அவரை மறுக்க எனக்கு வாய் வராது.

ஆகவே கேள்வி இதுதான்: தோற்றுக் கொண்டே இருக்கிற ஒருவனுக்கு, என்றோ ஜயித்ததை நினைத்துக் கொண்டிருக்க உரிமை உண்டா? உண்டென்றால், அந்த உரிமைக்கு அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன?

எனக்கு 1962-ஐக் கொடுத்தவர் என் பெரியப்பா. திண்டுக்கல்லிலிருந்து பத்தொன்பதாவது வயதில், மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்குப் போனவர். லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அறையில் நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாகக் குடியிருந்தார். வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. ஹிந்தியும் அப்படித்தான். ஆபீஸில் இவர் பெயரைச் சரியாகச் சொல்கிறவர்கள் யாருமில்லை. ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று எழுதாமலே இருந்தாராம்.

ஒருநாள் மாலை, கூட்டம் போகிற திசையில் தாமும் போய், மைதான் வெளியில் ஒரு கால்பந்துப் பந்தயத்தின் கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். என்ன ஆட்டம், எந்தக் கோஷ்டி என்று ஒன்றும் தெரியாது. திடீரென்று சுற்றி நின்ற அத்தனை வங்காளிகளும் ஒரே குரலில், "தங்கராஜ்! தங்கராஜ்!" என்று கத்தினார்கள்.

"எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுடா" என்பார் பெரியப்பா. "அந்த ஊர்ல நான் கேட்ட முதல் தமிழ் வார்த்தை அதுதான்."

அந்தத் தங்கராஜ், பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் கோஷ்டிக்கு ஆடியவர். அந்தக் கோஷ்டி 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பையை வாங்கிற்று. பிறகு கல்கத்தாவுக்கு வந்து முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய சங்கங்களுக்கும் கோலியாக நின்றார். ஒரு சங்கத்தின் ஆள் இன்னொரு சங்கத்தின் ஆளோடு சம்பந்தம் செய்யவே யோசிக்கிற ஊரில், மூன்று சங்கத்துக்காரர்களும் இவரைச் சொந்தம் கொண்டாடினார்கள். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-இல் காலமானார்.

பெரியப்பா வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதம், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் மதராஸ் வந்து அங்கிருந்து எங்கள் ஊருக்கு வருவார். பெட்டியில் எங்களுக்கு மிட்டாய் இருக்கும். பெட்டியின் அடியில் ஒரு பழுப்பு உறை இருக்கும். அதற்குள் 1962 செப்டம்பர் 5-ஆம் தேதிப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தபிறகு கதை ஆரம்பமாகும்.

ஜகார்த்தாவில் அந்த வருஷம் இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்வது சரியில்லை என்றார் இந்தியாவின் ஜி. டி. சோந்தி. அதனால் இந்தோனேஷிய ஜனங்களுக்கு இந்தியர்கள்மேல் அடங்காத கோபம். இந்தியத் தூதரகத்தின்மேல் கூட்டம் பாய்ந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி, தென் கொரியாவோடு இறுதி ஆட்டம். சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கத்தில் நம்முடைய தேசிய கீதத்துக்கே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே பதினொரு பேர் ஆட வேண்டும். சுனி கோஸ்வாமி கேப்டன். பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஜர்னைல் சிங் ஒரு கோல் போட்டார். கடைசிச் சில நிமிஷங்களில் கொரியா ஒன்றைத் திருப்பிற்று. அதற்குமேல் விடவில்லை. 2-1.

இதில் ஜர்னைல் சிங்கின் கதை தனி. அவர் பின்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரர். தாய்லாந்தோடு ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை; முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தையல் போட்ட தலையோடு அரை இறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் கோல் போட்டார். சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அடுத்த வருஷம் ஜூன் மாதம் புற்றுநோயால் இறந்து போனார்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு லட்சம் பேரில் நமக்காகக் கைதட்டியவர்கள் ஒரு சிலர்தாம். அவர்கள் பாகிஸ்தான் ஹாக்கிக் கோஷ்டியினர். முந்தைய நாள்தான் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள். இதை நம்முடைய ஆட்டக்காரர்களே பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கதையைப் பெரியப்பா சொல்லி முடிக்கும்போது எங்களில் பாதிப் பேர் தூங்கியிருப்போம். எனக்கு மட்டும் தூக்கம் வராது. தங்கராஜ் கையைத் தூக்கிக் கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்பது போல இருக்கும். நானும் கோலியாவது என்று அந்த மொட்டை மாடியில்தான் தீர்மானித்தேன்.

இனிமேல் சொல்லப் போவதைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

1994. எனக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் பையன்களுக்கான பந்தயம் நடக்கும். எங்கள் தெருக் கோஷ்டிக்கு நான் கோலி. அந்த வருஷம் பெரியப்பா முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். வெள்ளை வேஷ்டி, கையில் குடை. கோட்டுக்கு ஓரமாக நின்று கொண்டார். எனக்குக் கால் நடுங்கிற்று. மூன்று கோல் விட்டேன். மூன்றாவது, பந்து என் இரண்டு காலுக்கும் நடுவே மெதுவாக உருண்டு போயிற்று.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கூட்டமாகத் திரும்பி வந்து கொண்டிருந்தோம். பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"தங்கராஜ் நின்ன எடம்டா அது. அதுல போய் நீ நிக்கிறியே!"

பையன்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் தினமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மறுநாள் நான் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை.

நான் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. நிச்சயமாக வந்திருக்க மாட்டேன். ஆனால் ஒரு பையன் விளையாட்டை விட்டான். அவனை விடச் செய்தது அவன் உலகத்திலேயே அதிகமாக நேசித்த கதை. இதை என்னால் இன்றைக்கும் இலேசாக எடுத்துக் கொள்ள முடியவில்லை.

வளர்ந்த பிறகு பெரியப்பாவின் பேச்சில் ஒன்றைக் கவனித்தேன். 1962-ஐப் பற்றிப் பேசும்போது, "நாம ஜெயிச்சோம்" என்பார். அதற்குப் பிறகு நடந்ததைப் பேசும்போது, "அவனுங்க தோத்துட்டானுங்க" என்பார். 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் வாங்கியபோது அது பாதி 'நாம்', பாதி 'அவனுங்க'. அதற்குப் பிறகு முழுக்க முழுக்க 'அவனுங்க'தான். கொரியாக்காரன் 1983-இலேயே சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற லீக் ஒன்றை ஏற்படுத்திக் கொண்டான். ஜப்பான்காரன் 1993-இல் ஏற்படுத்திக் கொண்டான். நம் பையன்கள் ஆபீஸ் வேலை பார்த்துக் கொண்டே மழைச் சேற்றில் ஆடிக் கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. ஜயித்தது நாம். தோற்றது அவர்கள்.

இது பெரியப்பாவிடம் மட்டும் இருந்த குணம் அல்ல. பார்வையாளர்களாகிய நம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தப் பதினொரு பேரில் நாம் ஒருவருமில்லை. நாம் ஓடவில்லை, நம் தலையில் தையல் போடவில்லை. பத்திரிகை வாங்கக் கொடுத்த காசைத் தவிர அந்த வெற்றிக்கு நாம் செலவழித்தது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் 'நாம் ஜயித்தோம்' என்கிறோம். அது பொய்யா?

பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது கடனாக வாங்கிய வார்த்தை. திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எப்படிக் கொடுப்பது? தோற்கிறபோது, 'நாம் தோற்றோம்' என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வேறு நாணயத்தில் அந்தக் கடன் அடையாது.

நம்முடைய பாஷையில் ஒரு வசதி இருக்கிறது. 'நாங்கள்' என்று ஒரு வார்த்தை. 'நாம்' என்று ஒரு வார்த்தை. கேட்கிறவனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது 'நாங்கள்'. அவனையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக் கொள்வது 'நாம்'. பழைய வெற்றியை இந்த இரண்டு விதமாகவும் சொல்லலாம். 'நாங்கள் பார்த்தோம், நீங்கள் என்னத்தைப் பார்த்தீர்கள்' என்று சொல்கிறவர் வெற்றியைச் சொல்லவில்லை, கதவைச் சாத்துகிறார். மொட்டை மாடியில் பெரியப்பா எனக்கு 'நாம்' என்று சொன்னார். அதனால் எனக்கு நட்சத்திரம் தெரிந்தது. மைதானத்திலிருந்து திரும்பும் வழியில், 'தங்கராஜ்', 'நீ' என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னார். அதனால் என் முன்னால் கதவு சாத்திக் கொண்டது. சொன்னது ஒரே மனிதர்; சொன்ன கதையும் ஒன்றுதான்.

பெரியப்பா வாழ்ந்த ஊரின் சரித்திரத்திலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி, மோகன் பகான் சங்கம், கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்டின் வெள்ளைக்காரக் கோஷ்டியை 2-1 என்று தோற்கடித்து ஐ. எஃப். ஏ. ஷீல்டை வாங்கிற்று. ஒரே ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் காலை வெறுங்கால் ஜயித்தது என்று தேசமே கொண்டாடிற்று. இன்றைக்கும் ஜூலை 29 அந்தச் சங்கத்தாருக்குத் திருநாள்.

அதே ஷீல்டை மோகன் பகான் மறுபடியும் எப்போது வாங்கிற்று தெரியுமா? 1947-இல். நடுவே முப்பத்தாறு வருஷம்!

அந்த முப்பத்தாறு வருஷத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். 1911-இல் தோள்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த குழந்தை, 1947-இல் தன் பிள்ளையைத் தோள்மேல் வைத்துக் கொண்டு நின்றிருக்கும். நடுவில் எத்தனையோ மழைக்காலம் வந்து போயிற்று. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பதினொரு பேர் இறங்கி ஆடினார்கள். ஷீல்டு கிடைக்காமல் திரும்பினார்கள். 1911-இன் பதினொரு பேருக்கும் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. நடுவில் ஆடியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். 1911-ஐ 1947-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? ஜயித்தவர்கள் அல்ல, அவர்கள் வயதாகி ஓய்ந்து போனார்கள். தோற்றுக் கொண்டே ஆடியவர்கள்தாம் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்களும், அவர்கள் தோற்கிறபோது வீட்டுக்குப் போய்விடாமல் அடுத்த வருஷமும் மழையில் வந்து நின்ற ஜனங்களும். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், 'வெறுங்காலோடு ஜயித்தவர்களின் இடத்தில் நீயெல்லாம் நிற்கிறாயே' என்று சொல்லி எல்லாப் பையன்களையும் விரட்டியிருந்தால், 1947-இல் ஆட ஆள் எங்கிருந்து வந்திருக்கும்?

ஆகவே பழைய வெற்றியைக் காப்பாற்றுகிறவர்கள் இப்போது தோற்கிறவர்கள்தாம். நினைத்துப் பெருமைப்படுகிறவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

பெரியப்பா ஓய்வு பெற்று 2002-இல் ஊருக்கே வந்துவிட்டார். 2018-இல் அவருக்கு எழுபத்தாறு வயது. அந்த வருஷம் ஆசிய விளையாட்டு மறுபடியும் ஜகார்த்தாவில். ஐம்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அதே ஊர். 'அங்கேயே போயி ஆடப் போறாங்கடா' என்று ஜனவரியிலிருந்தே சொல்லிக் கொண்டிருந்தார். எந்தத் தொலைக்காட்சியில் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று என்னை விசாரித்து வைத்துக் கொண்டார்.

ஜூலையில் பத்திரிகையில் செய்தி வந்தது. ஆசியாவில் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லாத கோஷ்டிகளை அனுப்புவதில்லை என்ற விதிப்படி, கால்பந்துக் கோஷ்டியை அனுப்ப முடியாது என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் சொல்லிவிட்டது.

நான் அன்று மாலை அவரைப் பார்க்கப் போனேன். ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். பத்திரிகை மடியில் கிடந்தது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நம்மள அனுப்ப மாட்டேன்னுட்டாங்கடா."

ஐம்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஜயிக்காத ஒரு கோஷ்டியை அவர் 'நம்மள' என்று சொன்னதை நான் கேட்டேன்.

"போனாலும் ஜெயிச்சிருக்க மாட்டோம் பெரியப்பா" என்றேன். சமாதானம் சொல்வதாக எனக்கு நினைப்பு.

"ஜெயிக்க வேணாம்டா. போயித் தோத்துட்டு வந்திருக்கலாம்ல? அன்னிக்கு மட்டும் என்ன? மொத ஆட்டத்துல அதே கொரியாக்காரன்கிட்ட ரெண்டு கோல் வாங்கித் தோத்தோம். அப்பவே இவங்க இருந்திருந்தா, போதும், திரும்பி வாங்கன்னு சொல்லியிருப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷ மொட்டை மாடிக் கதையில் இந்த 0-2 ஒருநாளும் வந்ததில்லை. பிறகு பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் தேடிப் பார்த்தேன். உண்மைதான். முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் 0-2. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரை இறுதியில் தென் வியட்நாமை 3-2. அதற்குப் பிறகுதான் அந்த 2-1. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கோலியாக நின்றவர் பிரத்யோத் பர்மன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ் வந்தார். பர்மன் ஒதுங்கி நின்றார். பெரியப்பாவின் கதையில் பர்மன் கிடையாது. பதினான்கு வயதில் எனக்கு யாராவது பர்மனைப் பற்றிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

அன்றைக்கு நான் எழுந்து புறப்படும்போது பெரியப்பா சட்டென்று கேட்டார்:

"ஏண்டா, நீகூடச் சின்ன வயசுல கோலியா நின்னியே, ஏன் விட்டுட்ட?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கபடம் இல்லாத முகம். அவருக்கு ஞாபகம் இல்லை. 1962-இன் ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் இருந்த மனிதருக்கு 1994-இன் அந்த ஒரு வாக்கியம் ஞாபகம் இல்லை.

சொல்லியிருக்கலாம். இருபத்துநாலு வருஷம் சுமந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. "படிப்பு வந்துடுச்சு பெரியப்பா" என்றேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டிக் கொண்டார்.

அந்தப் பொய் சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது வேறொன்று உறைத்தது. அவர் ஒரு வெற்றியைப் பழுப்பு உறையில் போட்டு வைத்திருந்தார். நான் ஒரு தோல்வியை அப்படியே போட்டு வைத்திருந்தேன். அவர் தம்முடையதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நான் என்னுடையதை எனக்கு மட்டும் காட்டிக் கொண்டேன். அவர் ஜயித்ததை மட்டும் நினைத்து முதல் ஆட்டத்தை மறந்தார். நான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைத்து, பாஷை தெரியாத ஊரில் தனியாக நின்ற பத்தொன்பது வயதுப் பையனையும், அவன் எனக்குக் கொடுத்த நட்சத்திரங்களையும் மறந்தேன். ஞாபகம் தவறு செய்தது என்றால், இருவர் ஞாபகமும்தான் தவறு செய்தது.

அடுத்த வருஷம் பெரியப்பா காலமானார். உறை இப்போது என்னிடம் இருக்கிறது.

அந்த ஜகார்த்தா மனிதர்களில் பலரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். 2020-இல் மார்ச்சில் பி. கே. பானர்ஜி; ஏப்ரலில் சுனி கோஸ்வாமி. 2023-இல் துளசிதாஸ் பலராம். அதே 2023-இல் சீனாவின் ஹாங்சௌ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுக்கு நம் கோஷ்டியை அனுப்பினார்கள். போனார்கள்; சவூதி அரேபியாவிடம் 0-2 என்று தோற்றுத் திரும்பினார்கள். 'நம்மள அனுப்பினாங்க பெரியப்பா' என்று சொல்ல அவர் இல்லை.

இப்போது என் இளம் நண்பருக்குப் பதில் சொல்கிறேன்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டீர்கள். நினைப்பதில் வெட்கமில்லை, பாதியை நினைப்பதில்தான் வெட்கம். தங்கத்தை மட்டும் நினைத்து 0-2-ஐ மறக்கிற ஞாபகம், ஆயிரம் இலையைச் சொல்லிக் கொண்டு திண்ணையில் உட்காருகிற ஞாபகம். அது வீட்டுக்கும் ஆகாது, விளையாட்டுக்கும் ஆகாது. ஆனால் தையல் போட்ட தலையையும், நோயாளியான வாத்தியாரையும், ஒதுங்கி நின்ற பர்மனையும், எதிரி என்று நாம் நினைத்தவன் தட்டிய கையையும் சேர்த்து நினைக்கிற ஞாபகம் வேறு. அது யாரையும் திண்ணையில் உட்கார விடாது. தோற்கிறவனுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் நின்று கொண்டு கண்ணைத் துடைத்துக் கொண்டேன். நீங்களும் தாராளமாக வந்து நிற்கலாம்.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடக் கோஷ்டியில் கோலி. சென்ற மாதம் ஒருநாள் முட்டியில் மண்ணோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. எத்தனை என்று கேட்டேன். நான்கு விரலைக் காட்டினாள்.

நான் உள்ளே போய்ப் பழுப்பு உறையை எடுத்துக் கொண்டு வந்தேன். அந்தத் துண்டுத் தாளை அவள் கையில் கொடுத்தேன். இது என்ன மாமா என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு எப்போதும் உள்ள கஷ்டம், எங்கிருந்து தொடங்குவது என்பது. அன்றைக்கு எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னால ஜகார்த்தான்னு ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்தேன், "நாம மொத ஆட்டத்துலயே ரெண்டு கோல் வாங்கித் தோத்துப் போனோம்."